அறுவை சிகிச்சை நிபுணர் நல்ல ஆசிரியராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி மருத்துவர்களை அருகில் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்பவர்களும், பயிற்சித் திட்டத்தை நடத்தும் பொறுப்புக்கு வரப்போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஆய்வுகளின் முடிவுகளும் உண்டு, என் சொந்த அபிப்பிராயங்களும் உண்டு. எது எந்த வகை என்பது படிக்கும்போதே தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

நன்றாக அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு நன்றாகச் சொல்லித்தரவும் வரும்தானே? தனிப் பயிற்சி எதற்கு?

வரும் என்றுதான் நெடுங்காலமாக எல்லோரும் நம்பி வந்தோம். ஆனால் கை முதிர முதிர வாய் மௌனமாகிவிடுகிறது. ஒரு வேலையைக் கற்கத் தொடங்கும்போது ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கடைசியில் கை தன்பாட்டில் ஓடுகிறது. ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் வகுத்த மூன்று கட்டங்கள் இவை. மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டவருக்கு, தான் எப்படிச் செய்கிறோம் என்பதை விளக்குவது கடினம். நிபுணர்கள் தங்கள் வேலையை விவரிக்கும்போது எதை விட்டுவிடுகிறார்கள் என்று ரிச்சர்ட் கிளார்க் போன்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். எடுக்கும் முடிவுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை சொல்லப்படாமலே போகலாம் என்பது தெரிந்தது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. அந்த முடிவுகளை எடுத்ததே அவர்கள் நினைவில் பதிவதில்லை.

லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, பித்தப்பையை அகற்றும்போது "இங்க கொஞ்சம் இழுத்துப் பிடி" என்கிறார் சர்ஜன். பித்தப்பையின் கழுத்தை வலப்புறமாகவும் கீழ்நோக்கியும் இழுத்தால்தான் காலோ முக்கோணம் (பித்தப்பை நாளம், பித்தநாளம், கல்லீரல் ஆகியவற்றுக்கு இடையிலான இடம்) விரியும். மேல்நோக்கி மட்டும் இழுத்தால் பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். தவறான குழாயை வெட்டும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. இவ்வளவும் அவர் தலைக்குள் இருக்கிறது. மாணவர் காதில் விழுந்ததோ 'இழுத்துப் பிடி' மட்டும். இந்த இடைவெளியை நிரப்பக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் மையம் என்பது என் எண்ணம். மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு. தலைமுறை தலைமுறையாக இப்படித்தானே கற்றார்கள்?

கற்றார்கள். அந்த முறைக்கு அன்று ஒரு சூழ்நிலை இருந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட், ஜெர்மானியப் பயிற்சி முறையைத் தழுவி, ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பு கூடிக்கொண்டே போகும் பயிற்சியை உருவாக்கினார். 1904-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அதை விளக்கவும் செய்தார். பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே வாழ்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கேஸ்களுக்கு நடுவே கிடந்தால், சொல்லாமல் விட்டதைக்கூட ஒருவர் தானாகப் பொறுக்கிக்கொள்ளலாம்.

இன்று அவ்வளவு நேரம் இல்லை. அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவரின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணி என்று வரையறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சராசரியாக 48 மணி. களைத்துப்போன மருத்துவர் நோயாளிக்கு ஆபத்து என்பதால் இந்த வரம்புகள் நியாயமானவை; பழையபடி நீட்ட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே நேரத்தில் கற்க வேண்டியதும் பெருகிவிட்டது. திறந்த அறுவையோடு லேப்ராஸ்கோப்பி சேர்ந்தது, பிறகு ரோபோ வந்தது. ரோபோவை இயக்கும் கன்சோலில் சர்ஜன் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் மாணவருக்குக் கை வைக்கவே இடமில்லை.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சியை முடித்து உயர்சிறப்புப் பயிற்சிக்கு வந்தவர்களைப் பற்றி, அவர்களை ஏற்கும் பயிற்சித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், புதிதாக வருபவர்களால் ஒரு பெரிய அறுவையில் 30 நிமிடம்கூட மேற்பார்வையின்றிச் செயல்பட முடியவில்லை என்று 66 சதவீதம் பேர் கூறினார்கள். இந்தத் தலைமுறை சோம்பேறி என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. நமக்குக் கிடைக்கும் குறைந்த நேரத்தில் எப்படிக் கற்பிக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதுதான் பயனுள்ளது.

இப்படிப்பட்ட படிப்புகளில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் கல்லூரி, ஆசிரியர்களாக விரும்பும் சர்ஜன்களுக்கென்றே ஆறு நாள் உறைவிடப் படிப்பு ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் சர்ஜன்கள் கல்லூரியும் பயிற்றுநர்களுக்கான படிப்புகளை நடத்துகிறது. பொதுவாக உள்ளடக்கம் இப்படி இருக்கும்: பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள், ஆபரேஷன் தியேட்டரிலும் வார்டிலும் கற்பிக்கும் உத்திகள், பாடத்திட்டம் வகுத்தல், மதிப்பீடு, பின்னூட்டம், திட்ட நிர்வாகம். பெயர்ப்பலகையைப் பார்த்து இவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் கற்பிப்பதை யாராவது நேரில் பார்த்துத் திருத்தும் அமர்வுகள் உண்டா என்று கேளுங்கள். விரிவுரை மட்டும்தான் என்றால் அதை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஆபரேஷன் நடக்கும்போது கற்பிக்க நேரம் எங்கே இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கூடுதல் நேரம் பெரிதாகத் தேவையில்லை. இருக்கும் நேரத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். நிக்கோல் ராபர்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் முன்வைத்த மாதிரி இது: முன்பேச்சு, அறுவையின்போது கற்பித்தல், பின்பேச்சு.

முன்பேச்சு கை கழுவும் இடத்தில் நடக்கிறது. ஓரிரு நிமிடம்தான்.

"போன ஹெர்னியாவுல எங்கப்பா திணறின?"

"கார்டிலேருந்து சாக்கைப் பிரிக்கிற இடத்துல சார்."

"சரி, இன்னைக்கு அது உன்னோடது. மெஷ் வைக்கிறதை நான் பாத்துக்கறேன்."

(கார்ட் என்பது விந்து நாளமும் ரத்தநாளங்களும் செல்லும் கயிறு போன்ற கட்டு; சாக் என்பது ஹெர்னியாவின் பை; மெஷ் என்பது பலவீனமான இடத்தைத் தாங்க வைக்கும் வலை.) இவ்வளவு பேசிவிட்டால் இருவருக்கும் இன்றைய பாடம் எது என்று தெரிந்துவிடுகிறது. மாணவர் முதல் கீறலிலிருந்து கடைசித் தையல்வரை எல்லாவற்றையும் கற்க முயன்று எதுவும் பிடிபடாமல் போவதில்லை. நீங்களும் வழியெல்லாம் கேள்வி கேட்டு நேரத்தைக் கரைக்க வேண்டியதில்லை. சாக்கு வரும்வரை வேலை வேகமாக நகரட்டும். அந்த இடம் வந்ததும் நிதானியுங்கள்: எந்தத் தளத்தில் பிரிக்கிறோம், ரத்தநாளங்களும் விந்து நாளமும் எங்கே, கையில் எப்படி உணர்ந்தால் சரியான தளம்.

பின்பேச்சு தோலைத் தைக்கும்போது, அல்லது குறிப்பு எழுதும்போது. நான்கு கேள்விகள் போதும். எப்படிப் போனது என்று முதலில் மாணவரே சொல்லட்டும். இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் விதி என்ன? எது சரியாக வந்தது? அடுத்த முறை எதை மாற்றுவாய்? நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது இந்தப் பகுதிதான். கற்றது மனத்தில் பதிவதோ இங்கேதான். ஆகவே மூன்றில் ஒன்றைத் தியாகம் செய்தே ஆக வேண்டிய நாளில், நடுவில் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. டொரொன்டோவில் கரோல்-ஆன் மௌல்டன், அனுபவமுள்ள சர்ஜன்கள் அறுவையின் நடுவே தானியங்கி ஓட்டத்திலிருந்து விலகி நிதானமாகும் தருணங்களை ஆராய்ந்தார். பேச்சு நிற்கும், பாட்டு அணைக்கப்படும், கை மெதுவாகும். மாணவர் அறிய வேண்டிய தீர்ப்பு முழுவதும் அந்தத் தருணத்தில் இருக்கிறது, ஆனால் அறையிலோ அப்போது ஒரு சொல்லும் இல்லை. ஆபத்து கடந்த பிறகாவது "அங்க ஏன் நின்னேன்னு கவனிச்சியா?" என்று கேளுங்கள்.

மாணவரிடம் கத்தியை எப்போது கொடுப்பது? எப்போது திரும்ப வாங்குவது?

கொடுப்பதா கூடாதா என்று இரண்டாகப் பார்ப்பதால்தான் முடிவு கடினமாகிறது. ஜோசஃப் ஸ்விஷன்பெர்கர் என்ற சர்ஜனின் பெயரால் வழங்கும் அளவுகோலில் நான்கு படிகள் உண்டு. முதல் படியில் நீங்கள் செய்து விளக்குகிறீர்கள். இரண்டாவதில் மாணவர் செய்கிறார், நீங்கள் முன்கூட்டியே வழிகாட்டி, திசுவை விரித்துக் கொடுத்து, அவரை நகர்த்துகிறீர்கள். மூன்றாவதில் நீங்கள், மாணவர் சொன்னதைச் செய்யும் உதவியாளர் மட்டுமே. திசையை அவரே தீர்மானிக்கிறார். நான்காவதில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரே அறுவையின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே மாணவர் வெவ்வேறு படிகளில் இருக்கலாம். வயிற்றைத் திறப்பதில் நான்கில் இருப்பவர் குடல் இணைப்பில் இரண்டில் இருப்பார்.

பல சர்ஜன்கள் ஆண்டுக்கணக்கில் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் கவலை. உதவிக்கு நிற்பவர் தேர்ந்த சர்ஜனாக இருந்தால் எந்த மாணவரும் கெட்டிக்காரராகத் தெரிவார். திசு தானாக விரிந்து, சரியான கோடு தானாகத் தெரிந்து, வெட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி என்று ஆகிவிடும். தன்னால் முடியும் என்று அவரும் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள். உங்கள் இடது கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திப் பார்க்கும்வரை உண்மை தெரியாது.

திரும்ப வாங்குவதற்கும் முறை இருக்கிறது. எந்த நிலை வந்தால் வாங்கிக்கொள்வீர்கள் என்பதை முன்பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: ரத்தக்கசிவு, தெளிவில்லாத உடற்கூறு, முன்னேற்றமின்றிக் கடக்கும் நேரம். வாங்கும்போது காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். சிக்கல் தீர்ந்ததும் முடிந்தால் திரும்பக் கொடுங்கள். பேசாமல் கருவியைப் பறித்துக்கொண்டால் மாணவர் கற்பது ஒன்றுதான்: தான் தோற்றுவிட்டோம் என்பது. எதில் என்று அவருக்குத் தெரியாது.

நம்பி ஒப்படைக்கும் இந்தத் தீர்மானத்தையே மதிப்பீட்டின் அடிப்படையாக்கலாம் என்ற எண்ணத்தை நெதர்லாந்தின் ஒல்லே டென் கேட் 2005-இல் முன்வைத்தார். 'மதிப்பெண் எத்தனை' என்ற கேள்வியின் இடத்தில் 'எவ்வளவு மேற்பார்வையோடு இதை இவரிடம் விடலாம்' என்ற கேள்வி வந்தது. அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் 2023-இல் பொது அறுவை சிகிச்சைக்கு இப்படி 18 செயல்பாடுகளை வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பயிற்சிக்கூடத்தில் பெட்டிக்குள் தைத்துப் பழகுவது தியேட்டரில் உண்மையிலேயே உதவுமா?

உதவும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்களில் ஒரு பாதியினர் மெய்நிகர் கருவியில் பழகிவிட்டு வந்தார்கள். அவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பைக்குக் காயமோ, தவறான திசுவுக்குத் தீப்புண்ணோ ஏற்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது.

ஆனால் பழகும் விதம் முக்கியம். மௌல்டன் குழுவின் 2006 ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 38 இளம் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண்ரத்தநாள இணைப்பு கற்பிக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு நான்கு அமர்வுகளும் ஒரே நாளில், மற்றொன்றுக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். பாடம் ஒன்றே, மொத்த நேரமும் ஒன்றே. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாராவாரம் பழகியவர்கள் தெளிவாக முந்தினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் பட்டறை நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இதற்குமேலும் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தையலும் முடிச்சும் சொல்லித்தர ரோட்னி பெய்ட்டனின் நான்கு படிகள் கைகொடுக்கும். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கடைசியில் அவரே சொல்லிச் செய்யட்டும். மூன்றாவது படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். மாணவர் மனத்தில் எது தப்பாகப் பதிந்திருக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும்.

குறையைச் சொன்னால் மனம் நோகிறது, சொல்லாவிட்டால் திருந்துவதில்லை. என்ன செய்வது?

ஆளைப் பற்றிச் சொன்னால் நோகும். செயலைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். "உனக்குக் கை வரல" என்பதில் மாணவர் எடுத்துப்போக ஒன்றுமில்லை. "ஊசியை நுனியிலேருந்து ரொம்பத் தள்ளிப் பிடிச்ச, அதனால ஒவ்வொரு தையல்லயும் ஊசி திரும்புச்சு" என்பதில் நாளைக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. "நல்லா இருந்துச்சு" என்ற பாராட்டும் முதலாவதைப் போலவே வெறுமையானதுதான்.

என்ன கவனிப்பது என்று தெரியாததால்தான் பொதுப்படையாகப் பேசுகிறோம். டொரொன்டோவில் ரிச்சர்ட் ரெஸ்னிக் குழுவினர் 1990-களில் உருவாக்கிய கைத்திறன் மதிப்பீட்டு அளவுகோல் இதற்கு நல்ல துணை. திசுவை மதித்துக் கையாளுதல், நேரமும் அசைவும், கருவியைப் பிடிக்கும் விதம், உதவியாளரைப் பயன்படுத்துதல் என்று ஏழு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள். அச்சிட்டு நிரப்புவதுகூட இரண்டாம்பட்சம். அந்த ஏழும் மனத்தில் இருந்தாலே பேச்சு கூர்மையாகிவிடும்.

திட்டினால்தான் பதியும் என்று எங்கள் சீஃப் சொல்வார்.

பதிவது பயம். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. குழப்பமான இந்த முடிவுக்குக் காரணம், அங்கே தவறைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பது. மற்ற இடங்களில் மறைத்தார்கள். அறுவை சிகிச்சையில் இதன் பொருள் கடுமையானது. குடலில் ஊசி பட்டதோ என்று சந்தேகிக்கும் மாணவர், சீஃபின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டால் விலை கொடுப்பவர் நோயாளி. கண்டிப்பு வேண்டும், உயர்ந்த தரம் வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவது இவை இரண்டுக்கும் எதிரி. நானும் அப்படித்தான் கற்றேன் என்பது அதை அடுத்தவருக்குச் செய்ய உரிமை தராது.

பயிற்சி மருத்துவர் பங்கெடுப்பது நோயாளிக்குத் தெரிய வேண்டுமா?

தெரிய வேண்டும். யார் என்ன செய்வார், யார் மேற்பார்வை என்பதை முன்னாலேயே எளிய சொற்களில் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். மாணவரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். அதுவும் ஒரு பாடம்.

கல்வித் தலைமை என்றால் துறைத் தலைவர் பதவியா?

பதவி இல்லாமலும் தொடங்கலாம். தனியொரு சர்ஜன் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அது அவருடைய தியேட்டர் நாட்களோடு முடிந்துவிடுகிறது. எல்லா யூனிட்டிலும் எல்லா மாணவருக்கும் அது கிடைக்கும்படி ஏற்பாடு செய்பவர்தான் கல்வித் தலைவர். அதற்கு வேறு திறன்கள் வேண்டும். டேவிட் கெர்ன் குழுவினர் வகுத்த ஆறு படிகள் நல்ல தொடக்கம்: சிக்கல் என்ன, இங்குள்ள மாணவருக்கு எது தேவை, குறிக்கோள் எது, எந்த முறையில் கற்பிப்பது, எப்படி நடைமுறைப்படுத்துவது, பலன் கிடைத்ததா. பெரும்பாலானவர்கள் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்கில் தொடங்குகிறார்கள். கருவி வாங்கப்படுகிறது, அறை பூட்டிக் கிடக்கிறது.

அதைவிடக் கடினமானது நிர்வாகத்திடம் நேரம் கேட்டு வாங்குவது. கற்பித்தலுக்கென்று வாரத்தில் சில மணி ஒதுக்கப்படாத இடத்தில் எந்தத் திட்டமும் ஒரு தனிமனிதரின் உற்சாகத்தில்தான் ஓடும். அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும். பதவி உயர்வில் கேஸ் எண்ணிக்கையும் ஆய்வுக் கட்டுரையும் மட்டும் கணக்கில் வந்தால், கற்பிப்பதில் முதலிடம் பெற்றவர் வரிசையில் பின்னால் நிற்பார். இந்த விதிகளை மாற்றும் கூட்டங்களில் சலிக்காமல் உட்கார்வது கல்வித் தலைவரின் வேலையில் பெரும்பகுதி.

நான் நன்றாகக் கற்பிக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை எடைபோட நான்கு நிலைகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் தெரிந்ததா. பட்டறை முடிவில் நிரப்பும் படிவம் முதல் நிலையை மட்டும் தொடுகிறது. அடுத்த நிலைகளுக்கு, பெயர் குறிப்பிடாமல் மாணவர்கள் தரும் கருத்து வேண்டும். மூன்று நான்கு பேருடையதைச் சேர்த்துத் தந்தால்தான் அவர்கள் மனம்விட்டு எழுதுவார்கள். உங்கள் தியேட்டரில் ஒரு சக சர்ஜனை நிற்கச் சொல்லி, நீங்கள் பேசியதைக் குறிக்கச் சொல்லலாம். நோயாளியின் சம்மதத்தோடு அறுவையின் வீடியோவைக் குரலோடு பதிந்து நீங்களே கேட்கலாம். 'இங்கே', 'அங்கே', 'இப்படி' என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

முதுநிலை மாணவராக இருக்கும்போதே இதைக் கற்கலாமா?

கட்டாயம். இளைய மாணவர்கள் இரவுப் பணியில் கேட்பது உங்களைத்தான், பேராசிரியரை அல்ல. 1992-இல் வெளியான 'ஒரு நிமிட' முறையைப் பழகிக்கொள்ளுங்கள். வயிற்றுவலியோடு வந்த நோயாளியைப் பற்றி ஜூனியர் சொல்லும்போது, என்ன நினைக்கிறாய் என்று முதலில் ஒரு முடிவுக்கு வரச் செய்யுங்கள், ஏன் என்று காரணம் கேளுங்கள், ஒரு பொது விதியைச் சொல்லுங்கள், சரியாகச் செய்ததைக் குறிப்பிடுங்கள், தவறைத் திருத்துங்கள்.

ஆறு நாள் படிப்புக்குப் போக வழியில்லை. எங்கே தொடங்குவது?

நீங்கள் அடிக்கடி செய்யும் ஓர் அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படிகளை எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை ஒரு மாணவரிடம் கொடுத்து, நீங்கள் அடுத்த முறை செய்யும்போது எழுதாமல் விட்டவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டியலைவிட இரண்டாவது நீளமாக இருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, அடுத்த முன்பேச்சுகளில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

மருத்துவக் கல்வியியலில் முதுகலைப் பட்டம் தேவையா?

கற்பித்தல் பற்றி ஆய்வு செய்யவோ பெரிய பயிற்சித் திட்டத்தை நடத்தவோ விரும்பினால் பயன்படும். ஆய்வு முறைகளும் மதிப்பீட்டின் புள்ளியியலும் அங்கேதான் முறையாகக் கிடைக்கும். வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் படிக்கும் வசதியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. தியேட்டரில் நல்ல ஆசிரியராக இருக்க மட்டும் என்றால் தேவையில்லை.